இருபத்தாறு ஆண்டு அனுபவம் ஏன் விலைபோகவில்லை?

வாசகர் கேள்வி:

“எனக்கு வயது 52. ஓர் அச்சகத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றினேன். இயந்திர உதவியாளராகச் சேர்ந்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் உற்பத்தி மேலாளராக இருந்தேன். பதினொரு மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். இனி அச்சுத் தொழிலில் எதிர்காலம் இல்லை என்று முடிவு செய்து, சேமிப்பிலிருந்து பணம் கட்டித் தரவுப் பகுப்பாய்வுப் படிப்பு ஒன்றை முடித்தேன். இதுவரை எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்ததில் மூன்று நேர்காணல்களுக்கு மட்டுமே அழைப்பு வந்தது. மூன்றிலும் ‘உங்கள் தகுதி இந்த வேலைக்கு அதிகம்’ என்றே அனுப்பிவிட்டார்கள். ஓரிடத்தில் கேள்வி கேட்டவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். சுயவிவரத்தில் வயதை மறைக்க வேண்டுமா? சம்பளத்தைக் குறைத்துக் கேட்டால் எடுத்துக்கொள்வார்களா? இன்னொரு படிப்புப் படிக்கலாமா? எங்களிடம் முன்பு அட்டைப்பெட்டி அச்சடித்து வாங்கிய ஒரு மருந்து நிறுவனம், கொள்முதல் பிரிவில் ஆறு மாத ஒப்பந்த வேலை தருவதாகச் சொல்கிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். போகலாமா, வேண்டாமா என்று புரியவில்லை.”

ஆலோசகர் பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கடைசியாக, ஏதோ நினைவு வந்து சேர்த்ததுபோல் எழுதியிருக்கும் விஷயம்தான் எனக்கு முதன்மையானதாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு நேராகப் பதில் சொன்னால் அது வெறும் ஆம் அல்லது இல்லை என்று நின்றுவிடும். அந்தப் பதிலுக்கான காரணம் உங்கள் மற்ற மூன்று கேள்விகளுக்குள் இருப்பதால், அவற்றை முடித்துவிட்டு அங்கே வருகிறேன். ஆட்களைத் தேர்வு செய்யும் மேசையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தவள் நான். இப்போது அதே மேசைக்கு எதிரே உட்காரப் போகிறவர்களைத் தயார் செய்கிறேன். எனவே இங்கே சொல்வதில் பாதி, அந்தப் பக்கத்தில் இருந்தபோது நானே செய்த தவறுகளிலிருந்து கற்றது.

முதலில், வயது ஒரு தடையா என்றால், தடைதான். அதை உங்கள் மனப்பிரமை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 12 நகரங்களில், 40,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. தகுதி ஒத்திருந்தும், வயது கூடியவர்களுக்கு அழைப்புக் குறைந்தது. அதிலும் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பெண்களுக்கே அது மிகத் தெளிவாகக் குறைந்தது. இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு அந்தத் தகவல் புதிதாக இருக்காது. நாற்பது வயதைக் கடந்தவர்களை வேலை விஷயத்தில் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று அதே நாட்டில் 1967 முதலே சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2000-இல் அப்படியொரு ஆணையைப் பிறப்பித்தது. ஆனால் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுகிற கையைப் பிடிப்பது எந்தச் சட்டத்துக்கும் எளிதல்ல. எனவே இந்தத் தடை இருக்கிறது என்பதை வெயில், மழைபோல் எடுத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

ஆனால் எழுபது விண்ணப்பங்களுக்கு மூன்று அழைப்பு என்ற கணக்குக்கு முழுப் பொறுப்பையும் வயதின் தலையில் கட்டிவிட முடியாது. எனக்கு இன்றும் உறுத்துகிற ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், சரக்கு அனுப்புவதில் தொடர்ந்து தாமதம் ஏற்பட்டதால் அதைச் சரிசெய்ய ஓர் ஆளைத் தேடினோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் சுயவிவரம் வந்தது. ஐந்து பக்கம். முதல் வரி, “முப்பது ஆண்டுக்கால நீண்ட அனுபவம் உடையவர்” என்று தொடங்கியது. அதன் பிறகு அவர் வகித்த பதவிகளும் ஒவ்வொரு பதவியின் கடமைகளும் வரிசையாக இருந்தன. இரண்டாவது பக்கத்தைக் கூட நான் முடிக்கவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டேன். ஓராண்டு கழித்து வேறொரு நிறுவனத்தில் அவரைச் சந்தித்தபோது, எங்களை வாட்டிய அதே சிக்கலை அவர் அங்கே தீர்த்து முடித்திருந்தார். என் அவசரம் தவறுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பக்கங்களை எத்தனை முறை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாலும், அவரால் அதைச் செய்ய முடியும் என்று எனக்குக் காட்டிய ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. எத்தனை ஆண்டு இருந்தார் என்பது இருந்தது. அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது இல்லை.

பணித்தேர்வு முறைகள் பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியான ஒரு கட்டுரை, எங்கள் தொழிலில் பலரும் அறிந்தது. ஒருவர் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதற்கும், அடுத்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்பதற்கும் உள்ள தொடர்பை அது 0.18 என்று கணக்கிட்டது. ஒன்று என்பது முழுமையான தொடர்பு. சுழியம் என்றால் தொடர்பே இல்லை. வேலையின் ஒரு பகுதியைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லும் முறைக்கு அதே கட்டுரை தந்த மதிப்பு 0.54. 2022-இல் வந்த மறுகணக்கீடு இந்த எண்களையெல்லாம் இறக்கியது. ஆண்டுகளுக்கான எண்ணும் அதில் இன்னும் இறங்கியது. ஆகவே “26 ஆண்டு அனுபவம்” என்ற சொற்றொடரைக் கண்டு ஒருவர் அசையவில்லை என்றால், அவர் உங்களை அவமதிக்கிறார் என்று பொருளல்ல. அந்த எண் அவருக்கு உண்மையிலேயே அதிகமாக எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் அந்த 26 ஆண்டுகளில் நீங்கள் சேர்த்தது என்ன? 1984-இல் வெளியான ஒரு தட்டச்சு ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார்கள். வயதானவர்களின் விரல் அசைவும் எதிர்வினை வேகமும் குறைந்திருந்தன. ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை. காரணம், அவர்களின் கண்கள் விரல்களைவிட வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்து வரப்போகும் எழுத்துகளை இளையவர்களைவிட முன்கூட்டியே படித்துவிட்டதால், கை மெதுவாக இருந்தும் வேலை பின்தங்கவில்லை.

அனுபவம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. அச்சு இயந்திரத்தின் ஓசை சற்றே மாறியதும் ரோலரில் கோளாறு என்று நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள். தாள் ஈரம் குடித்திருக்கிறது, இன்றைக்கு வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது என்று கட்டைப் பிரிக்கும்போதே சொல்லியிருப்பீர்கள். இந்த வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் திருத்தம் கொண்டுவருவார் என்று தெரிந்து அவர் வேலையை ஷிப்டின் முடிவுக்குத் தள்ளிவைத்திருப்பீர்கள். இவற்றை உங்கள் திறமை என்றே நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் மூச்சு விடுவதுபோல் அது பழகிவிட்டது. அந்த மூச்சைத்தான் இப்போது எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, “மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது என்ன, அதை வைத்து என்ன செய்தேன், அதனால் எது மிச்சமானது?” என்ற ஒரே கேள்விக்குப் பத்து நிகழ்ச்சிகளை எழுதுங்கள். முதல் மூன்று எளிதாக வரும். பிறகு இரண்டு நாள் ஒன்றும் வராது. ஏழாவது, எட்டாவதாக வருவனவே பெரும்பாலும் மிக நல்லவையாக இருக்கும். பழைய சக ஊழியர் ஒருவரை அழைத்து “என்னிடம் எதற்காக வருவீர்கள்?” என்று கேட்டாலும் சில கிடைக்கும்.

எழுதி முடித்த பிறகு, அச்சகத்தின் சொற்களை வெளியுலகின் சொற்களுக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் தொழில் மாறுகிற பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். “மேக்ரெடி நேரத்தை ஐம்பது நிமிடத்திலிருந்து முப்பதாகக் குறைத்தேன்” என்று நீங்கள் எழுதினால் அச்சகத்தாருக்கு மட்டுமே புரியும். “ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இயந்திரத்தை மாற்றும் நேரத்தை ஐம்பது நிமிடத்திலிருந்து முப்பதாகக் குறைத்தேன்” என்று எழுதினால் பிஸ்கட் ஆலை முதல் மாத்திரை ஆலை வரை எல்லா உற்பத்தி மேலாளர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் அது அன்றாடத் தலைவலி. கழிவுத்தாள் விழுக்காடு என்பது மூலப்பொருள் இழப்பு. ப்ரூஃப் பார்த்து ஒப்புதல் வாங்குவது ஆவணச் சரிபார்ப்பு. விடிவதற்குள் கட்டு வண்டியில் ஏற வேண்டும் என்ற நெருக்கடி, மாற்ற முடியாத கெடுவுக்குள் மூன்று பிரிவுகளை ஒருங்கிணைப்பது. எண்கள் உங்கள் நினைவில் சரியாக இருப்பவையாக மட்டும் இருக்கட்டும். பெரிதுபடுத்திய எண் நேர்காணலின் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வயதை மறைக்க வேண்டாம். ஆனால் கேட்கப்படாத இடத்தில் அதை முன்னால் நிறுத்தவும் வேண்டாம். பிறந்த தேதி, பட்டம் பெற்ற ஆண்டு, புகைப்படம் ஆகியவற்றை விளம்பரம் கேட்டால் தவிர எழுதத் தேவையில்லை. கடைசி பத்து முதல் பதினைந்து ஆண்டுகளை விரிவாக எழுதி, அதற்கு முந்தியதை “இயந்திரப் பிரிவில் தொடங்கிப் படிப்படியாக மேற்பார்வைக்கு உயர்ந்தேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இரண்டு பக்கம் போதும். சிலர் தேதிகளையே எடுத்துவிட்டுத் திறமைகளை மட்டும் தொகுத்து எழுதச் சொல்வார்கள். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. தேதி இல்லாத சுயவிவரத்தைக் கண்டதும் தேர்வாளர் செய்கிற முதல் வேலை, எதை மறைக்கிறார் என்று தேடுவதுதான். கடைசிப் பதினொரு மாத இடைவெளியையும் ஒளிக்க வேண்டாம். பிரிவு மூடப்பட்டது என்ற ஒரு வரியும், இடையில் முடித்த படிப்பும் போதும்.

பெரிய நிறுவனங்களில் மனிதர் கண்ணுக்கு முன்பு ஒரு மென்பொருள் உங்கள் விண்ணப்பத்தைப் படித்துப் பிரித்து வைக்கிறது. அதற்கு அலங்காரம் பிடிக்காது. கட்டம், இரட்டைப் பத்தி, படமாகச் செருகிய எழுத்து ஆகியவற்றை அது தவறாகப் படிக்கக்கூடும் என்பதால், சாதாரண வடிவத்தில், விளம்பரம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அதே சொல்லையே பயன்படுத்தி எழுதுங்கள். அழகான பக்க அமைப்பில் வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு இது சற்று வலிக்கும்.

ஆனால் சுயவிவரத்தைச் செதுக்குவதைவிடப் பெரிய விஷயம், அதை எங்கே அனுப்புகிறீர்கள் என்பது. நீங்கள் தொழிலையும் மாற்றி, செய்யும் பணியையும் மாற்றி, இரண்டையும் ஒரே தாவலில் கடக்கப் பார்த்திருக்கிறீர்கள். தரவுப் பகுப்பாய்வாளராக, அதுவும் தொடக்கநிலையில், நீங்கள் யாரோடு போட்டி போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். அதே படிப்பை முடித்து, உங்களைவிடக் குறைந்த சம்பளம் எதிர்பார்த்து, நாள் முழுவதும் திரையின் முன் உட்காரத் தயாராக இருக்கும் இருபத்து மூன்று வயதுக்காரரோடு. அந்தப் பந்தயத்தில் உங்கள் 26 ஆண்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது, சுமைதான் உண்டு. “தகுதி அதிகம்” என்ற வார்த்தை அங்கேதான் பிறக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. அதே பணியை வேறு தொழிலில் செய்யலாம்; அதாவது உற்பத்தித் திட்டமிடலை அச்சு அல்லாத ஓர் ஆலையில் செய்யலாம். அல்லது அதே தொழிலறிவை வேறு பணியில் பயன்படுத்தலாம். இரண்டாவதற்கு வழி தேட, உங்கள் பழைய அச்சகத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். தாளும் மையும் விற்றவர்கள், இயந்திரம் நிறுவிப் பழுது பார்த்தவர்கள், தரம் சோதிக்க வந்தவர்கள், பயிற்சி தந்தவர்கள், வேலை கொடுத்து வாங்கிச் சென்றவர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அச்சகத்தின் உள்விவகாரம் தெரிந்த ஓர் ஆள் தேவைப்படுகிறார். அவர்களிடம் பெரும்பாலும் அப்படி ஆள் இருப்பதில்லை. இருபது ஆண்டு வார்டில் நின்ற செவிலியர் மருத்துவக் கருவி நிறுவனத்தின் பயிற்சியாளராவதும், கடன் பிரிவில் இருந்த வங்கி ஊழியர் சிறுதொழில்களின் நிதி மேலாளராவதும் இந்த வழியில்தான். அச்சுத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்று நீங்கள் சொல்வதில் செய்தித்தாளைப் பொறுத்தவரை ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் உலகில் மாத்திரையும் சோப்பும் பெட்டியில் வருகிற வரைக்கும் பெட்டியின்மேல் யாராவது அச்சடித்துத்தான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு கேள்வி வரும்: அந்த ஆட்களை எப்படி அணுகுவது? விண்ணப்பம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நேரத்தில் பாதியையாவது மனிதர்களிடம் பேசுவதற்கு ஒதுக்குங்கள். 1973-இல் வெளியான புகழ்பெற்ற சமூகவியல் ஆய்வு ஒன்று, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டது. அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது என்றவர்கள் 55.6 விழுக்காடு. மிக அரிதாக என்றவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் உங்களுக்கும் முன்பே தெரிந்திருக்கும். எட்டு ஆண்டுகளாகப் பேசாத பழைய மை விற்பனையாளர்தான் நீங்கள் எட்டிப் பார்க்காத வேறொரு வட்டத்தில் புழங்குகிறார். அப்படிப்பட்டவர்களிடம் “ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவரைச் சங்கடப்படுத்தி, “பார்க்கிறேன்” என்ற பதிலோடு முடிந்துவிடும். “உங்கள் பக்கத்தில் இப்போது எந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கடினமாக இருக்கிறது? அதைப் பற்றி இருபது நிமிடம் பேச முடியுமா?” என்று கேளுங்கள். மனிதர்களுக்குத் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசப் பிடிக்கும். வேலை இழந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. பிரிவு மூடப்பட்டது என்ற செய்தி உங்கள் வட்டாரத்தில் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

நேர்காணலில் “தகுதி அதிகம்” என்று சொல்லப்படும்போது, அது பாராட்டும் அல்ல, முழு மறுப்பும் அல்ல. அதற்குள் வாய்விட்டுச் சொல்லாத மூன்று அச்சங்கள் இருக்கின்றன: இவர் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார், இந்தச் சம்பளத்தில் மனக்குறையோடு இருப்பார், தன்னைவிட இளையவர் சொன்னால் கேட்க மாட்டார். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே பதிலளித்துவிடுங்கள். ஏன் இந்த வேலையை, இந்த அளவிலேயே விரும்புகிறீர்கள் என்று ஒரு நம்பத்தகுந்த காரணம் வேண்டும். “எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை” என்பது காரணம் ஆகாது, அது முதல் அச்சத்தை உறுதிப்படுத்தும். மூன்றாவது அச்சத்துக்குச் சொல்லால் பதில் சொல்ல முடியாது, நிகழ்ச்சியால்தான் முடியும். உங்களைவிட இளைய ஒருவரிடமிருந்து புதிய மென்பொருளையோ புதிய முறையையோ கற்று, பழைய பழக்கத்தைக் கைவிட்ட ஒரு சம்பவத்தைத் தயாராக வைத்திருங்கள். கேள்வி கேட்டவர் மகன் வயதுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள்: அவரிடம் பேசும்போது உங்கள் குரலில் அந்த எண்ணம் தொனித்திருக்குமா? “தம்பி” என்று ஒரு தடவை வாய் தவறி வந்தாலும் அந்த அறையில் அது பெரிதாகக் கேட்கும். அவரும் பதற்றமாகத்தான் உட்கார்ந்திருந்தார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். தன்னைவிட முப்பது ஆண்டு மூத்தவரைக் கேள்வி கேட்பது யாருக்கும் இயல்பாக வராது. முறைப்படி, மரியாதையோடு, வேலையைப் பற்றி மட்டும் பேசினால் இருவருக்குமே எளிதாகிவிடும்.

பழைய நிறுவனத்தின் மீது உங்களுக்குக் கோபம் இருக்கிறது என்பது, நீங்கள் எழுதாவிட்டாலும், “பிரிவையே மூடிவிட்டார்கள்” என்பதிலுள்ள அந்த ஏகாரத்தில் தெரிகிறது. நியாயமான கோபம். ஆனால் நேர்காணலில் அது எப்படியாவது வெளியே எட்டிப் பார்த்துவிடும். வேலையிழந்த 63 பேரை வைத்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், வேலை போனது பற்றிய தங்கள் ஆழமான உணர்வுகளைத் தொடர்ந்து எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிட விரைவாக வேலை கிடைத்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்கள் மற்றவர்களைவிட அதிக இடங்களுக்கு விண்ணப்பித்துவிடவில்லை. தேடல் அதே அளவுதான். கோபத்தைத் தாளில் இறக்கிவைத்தவர் வேறு மனிதராக அறைக்குள் நுழைகிறார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். யாருக்கும் காட்டத் தேவையில்லாத அந்தப் பக்கங்களையும் அதே நோட்டின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொரு படிப்பு வேண்டாம். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதைப் படித்து, அவற்றில் பாதியிலாவது ஒரு சான்றிதழ் கட்டாயம் என்று இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். முடித்த படிப்பு வீண் என்றும் நினைக்க வேண்டாம். தலைப்பாக நின்றபோது உதவாத அது, உற்பத்தி அறிந்தவருக்கு எண்களையும் படிக்கத் தெரியும் என்ற துணைத் தகுதியாக நின்றால் எடை கூடும்.

சம்பளம் பற்றி: முதலிலேயே குறைத்துக் கேட்பது உங்களுக்கு உதவாது, இரண்டாவது அச்சத்தை நீங்களே ஊட்டுகிறீர்கள் என்றாகும். வீட்டாருடன் உட்கார்ந்து, மாதம் இதற்குக் கீழே போக முடியாது என்ற தொகையையும், வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களும் தெரிந்தவர் அவசரப்படவும் மாட்டார், வீம்பு பிடிக்கவும் மாட்டார். பழைய சம்பளத்தைக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆனால் பேச்சை இந்தப் பணிக்கு அவர்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன என்பதற்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஓய்வுக்காலத்துக்கென வைத்திருக்கும் பணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும், குறிப்பாகத் தெரியாத தொழிலில் முதலீடு செய்வதற்காக, தொட வேண்டாம்.

இப்போது அந்த மருந்து நிறுவனத்துக்கு வருவோம். எழுபது இடங்களில் நீங்கள் போய்த் தட்டினீர்கள். இந்த ஓரிடம் தானாக உங்களைத் தேடி வந்திருக்கிறது. ஏன் என்று யோசித்தீர்களா? மருந்துப் பெட்டியின் அச்சுப் பிழை சாதாரணப் பிழை அல்ல. அளவைக் குறிக்கும் எண்ணில் ஒரு புள்ளி மாறினாலோ, ஒரு மருந்தின் பெட்டி வேறொரு மருந்தின் கட்டில் கலந்துவிட்டாலோ, சந்தைக்குப் போன சரக்கையே திரும்ப அழைக்க வேண்டிவரும். இரண்டு வேறு பெட்டிகளை ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து வெட்டுவது தாளை மிச்சப்படுத்தும். ஆனால் கலப்பு நேர்வதும் அங்கேதான். விலை குறைத்துத் தரும் ஓர் அச்சகம் எப்படிக் குறைத்தது என்று கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் வணிகப் பட்டதாரிக்குத் தெரியாது. உங்களுக்கு விலைப்பட்டியலைப் பார்த்ததுமே தெரியும். தட்டச்சர்களைப் பற்றிச் சொன்னேனே, கண்கள் விரல்களுக்கு முன்னால் ஓடுவது, அதற்கு நான் கேட்டதிலேயே பொருத்தமான இடம் இது. பணி மாறுகிறது, தொழிலறிவு மாறவில்லை.

எனவே போகலாம் என்பது என் கருத்து. நீங்கள் எழுதி வைத்த அந்தக் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே அந்தச் சம்பளம் இல்லாத பட்சத்தில். ஆனால் வாய்ப்பேச்சை நம்பி அல்ல. பதவியின் பெயர் என்ன, யாருக்குக் கீழே வேலை, எந்த முடிவுகளை நீங்களே எடுக்கலாம் என்பவை எழுத்தில் இருக்கட்டும். பதவிப் பெயரில் உதவியாளர் என்ற சொல் வராமல், அச்சு அல்லது பொதிக்கட்டு என்ற சொல் வரும்படி கேளுங்கள்; ஆறு மாதம் கழித்து வேறெங்கும் போக நேர்ந்தாலும் அந்தப் பெயர் உங்களோடு வரும். ஒப்பந்தம் முடிகிற நாளில் அல்ல, நான்காவது மாத முடிவிலேயே தொடர்வது பற்றியும் சம்பளம் பற்றியும் பேசுவோம் என்று ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் நீங்கள் தடுத்த பிழைகள், மிச்சப்படுத்திய செலவு, மாற்றிய நடைமுறை ஆகியவற்றை வாரந்தோறும் தேதியோடு குறித்து வந்தால், அந்தப் பேச்சில் கையை வீசிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. பழைய அச்சகத்தார் யாரேனும் அவர்களுக்குச் சரக்குத் தருபவராக இருந்தால், அந்த உறவை முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது.

வேறிடங்களில் விண்ணப்பிப்பதை இந்த ஆறு மாதங்களில் முழுவதும் நிறுத்த வேண்டாம். மாதம் இரண்டு போதும், அதுவும் மருந்து, உணவு, அழகுசாதனப் பொதிக்கட்டுத் துறைகளுக்கு மட்டும். ஒப்பந்தத்தின் நகலை அவர்கள் அனுப்பியதும், கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்பி வையுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பினால் போதும்.